சிங்கப்பூரின் பழைய தெருக்களில் எதை, எங்கே வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து உறவினர் வந்திறங்கிய மறுநாளே, "எங்கே போய்ச் சாமான் வாங்கலாம்?" என்ற பேச்சு எங்கள் வீட்டில் தொடங்கிவிடும். அவர்களை நேரே ஏதாவது ஒரு பெரிய கடைத்தொகுதிக்கு அழைத்துச் சென்று, எந்த ஊரிலும் கிடைக்கும் பொருள்களோடு திருப்பி அனுப்பிய தவற்றை நானும் பலமுறை செய்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான், தமிழ்நாடு, இலங்கை, மலேசியா முதலிய இடங்களிலிருந்து வருபவர்களும் அவர்களை அழைத்துச் செல்லும் உள்ளூர்க்காரர்களும் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சிங்கப்பூரே புதிய நகரம்தானே? இதில் பழைய நகரம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

உயர்ந்த கட்டடங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புபவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் 1822இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டத்தில் எந்த இனத்தார் எங்கே குடியிருப்பது என்று கோடு போடப்பட்டதன் தடம் இன்னும் தெருக்களில் இருக்கிறது. சீனர்களுக்கு ஆற்றின் தென்கரையும், சுல்தானின் குடும்பத்துக்கும் மலாய், அரபு, பூகிஸ் வணிகர்களுக்கும் கம்போங் கிளாமும் ஒதுக்கப்பட்டன. இன்று லிட்டில் இந்தியா எனப்படும், தமிழர்கள் மிகுதியாகக் கூடிய சிராங்கூன் சாலை வட்டாரம் அந்தத் திட்டத்தில் உருவானதன்று. அது பின்னாளில் சுண்ணாம்புச் சூளைகளையும் மாட்டுத் தொழுவங்களையும் சுற்றி வளர்ந்தது. அதனால்தான் அந்தப் பகுதியைப் பழைய தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தார்கள். பஃபலோ ரோடு, மலாய் மொழியில் அதே பொருள் தரும் கெர்பாவ் ரோடு ஆகிய பெயர்களும் அங்கிருந்த எருமைகளால் வந்தவையே. சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் ஆகிய மூன்றும் 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. இந்தப் பக்கத்தில் பழைய நகரம் என்று நான் குறிப்பிடுவது பெரும்பாலும் இம்மூன்றையும்தான். கிழக்கே உள்ள ஜூ சியாட்டைப் பற்றியும் ஓரிடத்தில் சொல்கிறேன்.

ஒரு நாள்தான் இருக்கிறது. எப்படிப் பிரித்துக்கொள்வது?

காலையில் லிட்டில் இந்தியாவின் சந்தைப் பகுதியான தேக்கா, பிற்பகலில் கம்போங் கிளாம் என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இவ்விரண்டுக்கும் இடையே கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நடைதான். சைனாடவுனையும் பார்த்தே ஆக வேண்டுமென்றால், லிட்டில் இந்தியா நிலையத்தில் வடக்கு கிழக்கு ரயில் பாதையில் ஏறினால் மூன்றாவது நிலையம் சைனாடவுன்.

தேக்காவில் எதை வாங்க வேண்டும்?

என் மனத்துக்கு மிக நெருக்கமான இடம் என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். தேக்கா என்ற பெயர், சிறு மூங்கில்களின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழிச் சொல்லிலிருந்து வந்தது. இங்கிருந்த பழைய சந்தை 1915இல் கட்டப்பட்டது. அதற்கு மாற்றாக 1982இல் எழுந்த கட்டடத்துக்கு முதலில் சீன மாண்டரின் ஒலிப்பில் ஜூஜியாவ் என்று பெயரிட்டார்கள். மக்களோ தேக்கா என்றே சொல்லிவந்தார்கள். 2000ஆம் ஆண்டில் அரசாங்கமும் அந்தப் பெயரையே திரும்பச் சூட்டியது. ஒரு சந்தையின் பெயரை அங்கே வாங்குபவர்களே காப்பாற்றிய கதை இது.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தையும் உணவங்காடியும் இருக்கின்றன. மேல்தளத்தில் துணிக்கடைகளும் தையல்காரர்களும் இருக்கிறார்கள். சேலைக்கு ரவிக்கை தைக்கவும், வாங்கிய சல்வாரை அளவுக்கேற்பப் பிடிக்கவும் உள்ளூர்ப் பெண்கள் அங்கேதான் ஏறுகிறார்கள். ஈரச்சந்தையில் மீன் விற்கும் சீனப் பெரியவர் சிலர் தமிழில் விலை சொல்வதைக் கேட்டு, முதன்முறை வருபவர்கள் வியந்து நிற்பதுண்டு. சுற்றுலா வந்தவர் மீன் வாங்கப் போவதில்லை என்றாலும் அந்த ஒலியைக் கேட்கவாவது காலை பத்து மணிக்குள் அங்கே போய்விடுங்கள். பிற்பகலில் பல கடைகள் மூடியிருக்கும்.

வெளியே வந்து பஃபலோ ரோட்டில் நடந்தால் வாழையிலை, முருங்கைக்கீரை, பூச்சரம், வெற்றிலை எல்லாம் அஞ்சடியில் பரப்பிவைத்திருப்பார்கள். அஞ்சடி என்பது கடைவீடுகளின் முன்னால் கூரையிட்டு விடப்பட்ட நடைவழி. 1822ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே அது கட்டாயமாக்கப்பட்டது. எதிரே காம்பெல் லேனில் பூசைப் பொருள்களுக்கும் மாலைகளுக்கும் பெயர்பெற்ற ஜோதி ஸ்டோர் பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. அதே சந்தில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுக் கடைகளுக்குள் நுழைந்தால், நீங்கள் வாங்கும் பொருள் எந்தக் கப்பல் வழியாக, யாருடைய தோளில் இங்கே வந்து சேர்ந்தது என்பது விளங்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறேன். சேலையும் மளிகையும் இங்கே வாங்குவதில் பொருளுண்டா?

உண்மையைச் சொன்னால், பெரிதாக இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த பட்டை இங்கே கூடுதல் விலைக்கு வாங்கித் திரும்பவும் காஞ்சிபுரம் பக்கமே கொண்டுபோவதில் யாருக்கும் பயனில்லை. அதே வேளையில், சிராங்கூன் சாலையின் மளிகைக் கடைகளில் உங்கள் ஊரில் கிடைக்காத சில உண்டு. மீன் தலைக்கறிக்கென்று இங்குள்ளவர்கள் கலக்கும் மசாலாத்தூள் அவற்றில் முதன்மையானது. தென்னிந்தியக் குழம்பு சீன நாக்குக்கு ஏற்பச் சிங்கப்பூரில் உருவெடுத்த உணவு அது. அதன் தூளை இங்கே வாங்குவதுதான் முறை. பஃபலோ ரோட்டிலும் டன்லப் ஸ்திரீட்டிலும் உள்ள பழைய கடைகளில் எத்தனை பேருக்குச் சமைக்கப் போகிறீர்கள் என்று சொன்னால் அளவு சொல்லிக் கட்டித் தருவார்கள்.

மளிகையும் துணியும் இந்தச் சாலையில் எவ்வளவு பெரிய தொழிலாக இருந்தன என்பதற்கு ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். பி. கோவிந்தசாமிப் பிள்ளை இளம் வயதில் இந்தியாவிலிருந்து வந்து, மளிகைக் கடையில் தொடங்கிப் பல கடைகளுக்கு உரிமையாளராகி, கோயில்களுக்கும் பொதுப் பணிகளுக்கும் அள்ளிக் கொடுத்தவர். ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலின் திருமண மண்டபம் இன்றும் பி.ஜி.பி. மண்டபம் என்றே அழைக்கப்படுகிறது.

தங்கம் வாங்குவதென்றால்?

சிராங்கூன் சாலையின் நகைக்கடைகளில் பெரும்பாலும் விற்கப்படுவது 916, அதாவது 22 காரட் தங்கம். அன்றைய கிராம் விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள். அதற்கு மேல் கூலி எவ்வளவு, அதில் எவ்வளவு குறைப்பார்கள் என்பதைத் தனியாகக் கேட்டு, இரண்டு மூன்று கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள். கிராம் விலையில் கடைக்குக் கடை வேறுபாடு சிறிதாகவே இருக்கும், கூலியில்தான் வேறுபாடு தெரியும். இந்தியாவில் 2021 முதல் படிப்படியாக ஹால்மார்க் முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. சிங்கப்பூரில் அது கட்டாயமில்லை. ஆகவே எடை, தூய்மை, கூலி மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்ட ரசீதைப் பெறாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். நகைக்குப் பொருள் சேவை வரி உண்டு. முதலீட்டுக்குரிய தூய தங்கக் கட்டிகளுக்கும் சில வகை நாணயங்களுக்கும் 2012 முதல் அந்த வரி இல்லை. ஊருக்குக் கொண்டுபோகும்போது உங்கள் நாட்டுச் சுங்க விதி எவ்வளவு நகையை அனுமதிக்கிறது என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

முஸ்தபாவுக்குப் போகாமல் இருக்கலாமா?

போகலாம், ஆனால் முதலில் போக வேண்டாம். 1970களில் காம்பெல் லேனில் சிறு துணிக்கடையாக இருந்த ஒரு குடும்பத் தொழில், சையத் ஆல்வி ரோட்டில் இவ்வளவு பெரிய அங்காடியாக வளர்ந்தது பெருமைக்குரியதே. பெட்டி, கைக்கடிகாரம், மருந்து, சாக்லெட், வாசனைத் திரவியம் என்று கடைசி நாளில் பட்டியலை முடிக்க அதைவிட வசதியான இடம் இல்லை, விலையும் எழுதியிருக்கும். ஆனால் முதல் நாளே அங்கே நுழைந்தவர்கள் கால் ஓய்ந்து, பை நிறைந்து, வெளியே வரும்போது மற்றத் தெருக்களுக்கு மனமும் பணமும் மிஞ்சுவதில்லை. ஃபேரர் பார்க் நிலையத்திலிருந்து அது மிக அருகில் இருக்கிறது.

கம்போங் கிளாமில் தமிழருக்கு என்ன இருக்கிறது?

நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது. மலாய்க்காரர் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு மலாய் மொழியில் காயின் பெலெக்காட் என்று பெயர். பெலெக்காட் என்பது நம் பழவேற்காடுதான். சோழமண்டலக் கரையின் அந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய துணி, ஊர்ப் பெயரையே சுமந்துகொண்டு இங்கே நிலைத்துவிட்டது. அரபு ஸ்திரீட்டின் துணிக்கடைகளில் நீண்ட காலம் தமிழ் முஸ்லிம் வணிகர்களும் இருந்திருக்கிறார்கள். அந்தக் கடைகளில் ஒன்றில் கைலியைக் கையில் பிடித்துப் பார்த்தபோது, சென்னைக்கு வடக்கே உள்ள ஓர் ஏரிக்கரை ஊரை இந்தத் தெருவில் தொட்டது போல எனக்கு இருந்தது.

இங்கே வாங்கத் தக்க இரண்டாவது பொருள் பாத்திக் துணி. மெழுகால் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்தெடுப்பதே பாத்திக். அதைப் போலவே அச்சடித்த துணிகளும் அதே கடைகளில் அடுக்கியிருக்கும். துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகுப் பணி செய்ததில் கோலம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில் தெரியும். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்ததில் பின்புறம் வெளிறிக் கிடக்கும். கையால் வரைந்ததில் ஒரு பூவைப் போல மற்றொரு பூ அச்சாக இராது, விலையும் அதற்கேற்ப ஏறும். அச்சுத் துணியை வாங்குவதில் தவறில்லை, அதைக் கைவேலை என்று எண்ணி அந்த விலை கொடுப்பதுதான் தவறு.

சுல்தான் பள்ளிவாசலுக்கு நேராகச் செல்லும் புசோரா ஸ்திரீட்டிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மது கலக்காத அத்தர் விற்கும் கடைகளைக் காணலாம். குப்பியை மோந்து பார்த்த உடனே வாங்காமல், மணிக்கட்டில் ஒரு துளி தடவிக்கொண்டு, நார்த் பிரிட்ஜ் ரோட்டில் 1908 முதல் இருக்கும் ஜம்ஜம் உணவகத்தில், இறைச்சி வைத்து மடித்துச் சுட்ட ரொட்டியான முர்தபா ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். உங்கள் உடல் சூட்டில் அந்த மணம் எப்படி மாறுகிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். போகிற வழியில் பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடத்தின் அடிப்பகுதியையும் நிமிர்ந்து பாருங்கள். அங்கே கருப்பு வளையமாகத் தெரிவது கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகங்கள். பெரிய நன்கொடை தர இயலாத ஏழைகளும் இப்பணியில் பங்குகொள்ள வேண்டும் என்று அவர்களிடம் பெறப்பட்டவை அவை.

ஹாஜி லேனில் இளைஞர்களுக்கான உடைக் கடைகளும் காப்பிக் கடைகளும் நிறைந்துள்ளன. படம் எடுக்க அழகான சந்து. பழைய தொழில் அங்கே அதிகம் இல்லை.

சைனாடவுனில் விற்கும் நினைவுப் பொருள்கள் நல்லவையா?

பகோடா ஸ்திரீட்டிலும் டிரெங்கானு ஸ்திரீட்டிலும் தொங்கும் சாவிக்கொத்து, விசிறி, காந்த அட்டை ஆகியவற்றை அலுவலக நண்பர்களுக்காக மொத்தமாக வாங்கலாம், அவ்வளவே. அந்தத் தெருவுக்குப் பகோடா என்று பெயர் வந்ததே 1827இல் நிறுவப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் கோபுரத்தால்தான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அடுத்துள்ள டெம்பிள் ஸ்திரீட்டும், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சோழிய முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசலால் பெயர் பெற்ற மாஸ்க் ஸ்திரீட்டும் அப்படியே.

மாஸ்க் ஸ்திரீட்டில் 1925இல் தொடங்கப்பட்ட பெக் சின் சூன் தேயிலைக் கடைதான் சைனாடவுனில் நான் எவரையும் தவறாமல் அழைத்துச் செல்லும் இடம். சிறு காகிதப் பொதிகளில் கையால் மடித்துக் கட்டிய தேயிலை அங்கே கிடைக்கும். கனமில்லை, உடையாது, ஊரில் யாருக்குக் கொடுத்தாலும் மகிழ்வார்கள். பால் ஊற்றாமல் குடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். சிவந்த சதுரத் துண்டுகளாகச் சுட்டு அடுக்கியிருக்கும் பாக் குவா பெரும்பாலும் பன்றி இறைச்சி என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் வாங்கிவிட்டு விடுதியில் வந்து தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கெபாயா எங்கே நல்லதாகக் கிடைக்கும்?

கெபாயா என்பது இந்த வட்டாரப் பெண்கள் கைலியோடு அணியும் மேல்சட்டை. அதற்கு ஜூ சியாட், காத்தோங் பக்கம் போங்கள். 2024 ஜூனில் திறக்கப்பட்ட மரின் பரேட் ரயில் நிலையம் அந்தப் பயணத்தை எளிதாக்கிவிட்டது. பூவேலை செய்த கெபாயா, மணி கோத்த காலணி, சீன, மலாய் மரபுகள் கலந்த பெரானாக்கான் சமூகத்தின் பலகாரங்கள் ஆகியவற்றுக்கு அந்த வட்டாரமே பெயர்பெற்றது. கெபாயாவை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தபோது, சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து அதற்கு விண்ணப்பித்திருந்தன. மலாக்காவில் மணமுடித்துத் தங்கிய தமிழ் வணிகர்களின் வழிவந்த சிட்டி மலாக்கா பெண்களும் கெபாயா உடுத்துபவர்களே. மலாய் பேசி, மாரியம்மனை வணங்கும் அந்தச் சமூகத்தின் உடை என்பதால் இது நமக்கும் உறவுடைய உடைதான்.

விலை பேசலாமா?

விலை ஒட்டியுள்ள கடையில் வேண்டாம். துணி, கம்பளம், நினைவுப் பொருள் ஆகியவற்றில் மரியாதையாகக் கேட்கலாம். தேக்காவில் அண்ணா, அக்கா என்றும், சீன வியாபாரிகளை அங்கிள், ஆன்ட்டி என்றும் அழைப்பதே இங்குள்ள வழக்கம்.

வரியைத் திரும்பப் பெறுவது எப்படி?

பொருள் சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. சுற்றுப்பயணியாக வந்தவர், இத்திட்டத்தில் சேர்ந்துள்ள கடையில் வரி உட்பட 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால் அதைத் திரும்பக் கோரலாம். இங்கே நாங்கள் டாலரை வெள்ளி என்றே சொல்வோம். ஒரே நாளில் அதே கடையில் பெற்ற மூன்று ரசீதுகள் வரை சேர்த்துக் கணக்குக் காட்டலாம். வாங்கும்போதே கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், வாங்கிய இரண்டு மாதங்களுக்குள் புறப்பட வேண்டும், விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே அங்குள்ள இயந்திரத்தில் பதிய வேண்டும். கையாளும் கட்டணம் போக மீதமே கைக்கு வரும். ஜொகூர் வழியாகத் தரைமார்க்கமாகத் திரும்பும் மலேசிய உறவினர்களுக்கு இது கிடைக்காது.

ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியை எட்டாத சிறு கடைகள் இந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை. அங்கே வரி வாங்கியிருக்கவே மாட்டார்கள் என்பதால், ரசீதில் வரி இல்லை என்று அந்தக் கடைக்காரரிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள்.

ஏமாற்றப்பட்டால் யாரிடம் முறையிடுவது?

எங்கள் சித்தப்பா ஒரு கடையில் கைப்பேசி வாங்கியபோது, சொன்ன விலைக்கு மேல் உத்தரவாதக் கட்டணம் என்று ஒரு தொகையைச் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து மின்னணுப் பொருள் வாங்குவோரிடம், மொத்தத் தொகையைத் தாளில் எழுதித் தரச் சொல்லிவிட்டுப் பிறகு அட்டையை நீட்டுங்கள் என்று சொல்கிறேன். சிக்கல் நேர்ந்தால் கேஸ் எனப்படும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தில் சுற்றுப்பயணிகளும் வழக்குத் தொடுக்கலாம். நாடு திரும்புவதற்கு முன்பே தொடங்கிவிடுவது முக்கியம்.

எந்த நாளில் போவது நல்லது?

லிட்டில் இந்தியாவுக்கு வார நாளின் காலை வேளை ஏற்றது. ஞாயிறு மாலையில் வெளிநாட்டு ஊழியர்கள் தம் விடுப்பு நாளில் கூடுவதால் நடக்கவே இடம் இராது. ஊர் நண்பர்களைக் காண, பணம் அனுப்ப, ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிட அவர்களுக்குக் கிடைக்கும் அந்த ஒரு நாளை அவர்களுக்கே விட்டுக்கொடுப்பது நல்லது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சிராங்கூன் சாலை விளக்கொளியிலும் தெருச்சந்தையிலும் மிதக்கும். கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் அப்போதே வாருங்கள். கம்போங் கிளாமில் வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் சில கடைகள் அடைத்திருக்கும்.

பழைய கடைகளைத் தேடித்தான் போக வேண்டுமா? எங்கே வாங்கினாலும் ஒன்றுதானே?

ஒன்றில்லை என்பதே என் உறுதியான எண்ணம். பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களில் சட்டம் காப்பது கட்டடத்தை: அதன் முகப்பை, ஓட்டுக் கூரையை, அஞ்சடியை. உள்ளே நடக்கும் தொழிலை அது காப்பதில்லை. நெடுங்காலம் நடைமுறையில் இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல் முற்றிலும் நீக்கப்பட்ட பிறகு, பூக்கட்டுபவரும் மசாலா அரைப்பவரும் பிரம்பு பின்னுபவரும் மதுக்கூடங்களோடும் உணவகங்களோடும் சந்தை வாடகையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. 1930களிலிருந்து நடந்துவந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டதை நான் பார்த்தேன். கடைசி நாளில் கூடிய கூட்டத்தில் பாதிப்பேர் அதற்கு முந்திய வாரங்களில் வந்திருந்தால் எத்தனையோ முதியவர்களுக்கு உதவியாக இருந்திருக்கும். தேசிய மரபுடைமைக் கழகம் 2025இல், குறைந்தது 30 ஆண்டுகளாக நடந்துவரும் மரபுத் தொழில்களை அடையாளம் கண்டு ஆதரிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. வரவேற்கத்தக்க முயற்சி. ஆனாலும் கடைக்காரருக்கு மாத வாடகையைக் கட்டித் தருவது உள்ளே வந்து வாங்குபவரின் காசுதான். எனவே தேங்காய் ஒன்றோ பூ ஒரு முழமோ, அந்தத் தெருவின் தொழிலுக்குரிய ஏதாவது ஒன்றை வாங்குங்கள் என்று வருபவர்களிடமெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

பெட்டி கட்டும்போது கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

தேங்காய்ப்பாலும் முட்டையும் பாண்டான் இலையும் சேர்த்துக் கிண்டிய காயாவை வாங்காமல் யாரும் போவதில்லை. அது பாகு போன்றது என்பதால், 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட போத்தலைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். அத்தர்க் குப்பிக்கும் அதே விதி. இரண்டையும் துணிக்குள் சுற்றி, சரக்குப் பெட்டியின் நடுவில் வையுங்கள். பேரங்காடிகளில் 2023 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்குக் கட்டணம் வாங்குகிறார்கள் என்பதால், வரும்போதே ஊரிலிருந்து இரண்டு துணிப்பைகளை மடித்து எடுத்து வாருங்கள். போகும்போது போத்தல்களைச் சுற்றவும் அவை உதவும்.